பல்லவர் விட்டதும் 1957 தொட்டதும்

மாமல்லபுரத்துக்கு வருகிறவர்களிடம் தவறாமல் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. ஐந்து ரதத்துக்குப் போகும் சாலையில் இருபுறமும் இருக்கும் சிற்பக்கூடங்களைக் காட்டி, "இவர்கள் பல்லவர் காலத்துச் சிற்பிகளின் வாரிசுகள், ஆயிரத்து முந்நூறு ஆண்டாக உளியோசை நிற்கவே இல்லை" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மை வேறு. என் கணிப்பில் அந்த உண்மைதான் இந்தக் கதையைவிடப் பெருமைக்குரியது. இன்று நாம் பார்க்கும் மாமல்லபுரச் சிற்பத் தொழிலின் வயது எழுபது ஆண்டுக் கணக்குதான். 1957-இல், காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில், அரசு அந்த ஊரில் ஒரு சிற்பப் பயிற்சிப் பள்ளியைத் திறந்தது. தொழில் அங்கிருந்து தொடங்குகிறது.

இடையில் இருந்த வெற்றிடம் எவ்வளவு பெரியது என்று பார்த்தால்தான் இது விளங்கும். மாமல்லன் எனப்பட்ட முதலாம் நரசிம்மவர்மன் ஆண்டது ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. கடற்கரைக் கோயிலை எழுப்பிய இராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவன். அதற்குப் பிறகு இங்கே பாறையில் அந்த அளவுக்கு வேலை நடக்கவில்லை. ஊர் அழிந்துவிடவில்லை, கடற்கரைக் கோயிலில் இராஜராஜ சோழனின் கல்வெட்டுகள் இருக்கின்றன, ஆழ்வார்கள் பாடிய கடல்மல்லைத் தலசயனம் வழிபாட்டில் இருந்தது. விஜயநகரக் காலத்தில் குன்றின்மேல் தொடங்கிய இராய கோபுரம் மேலே எழும்பாமலே நின்றுபோனது. 1772-லும் 1776-லும் இங்கு வந்துபோன வில்லியம் சேம்பர்ஸ் 1788-இல் வெளியிட்ட குறிப்பில், கடலுக்குள் கோயில் உச்சிகள் மின்னக் கண்டதாக ஊர்ப் பெரியவர்கள் சொன்ன கதை வருகிறது. அவரைக் கவர்ந்தவை இடிபாடும் புராணமும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குன்றின் உச்சியிலுள்ள ஒலக்கண்ணீஸ்வரர் கோயிலின் மேல்தளத்தில் கப்பல்களுக்காக விளக்கு ஏற்றினார்கள். கல் உடைக்க வந்தவர்கள் அடித்த ஆப்புத் துளை வரிசைகளைப் பல பாறைகளில் இன்றும் பார்க்கலாம். தொழில் விடாமல் நடந்த ஊரின் அடையாளங்கள் அல்ல இவை.

அப்படியானால் 1957-இல் கற்றுக்கொடுக்க வந்தவர்கள் யார்? பள்ளியின் முதல் பொறுப்பாளர் மா. வைத்தியநாத ஸ்தபதி. பிள்ளையார்பட்டியைச் சேர்ந்த குடும்பம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நகரத்தார் தங்கள் வணிகச் செல்வத்தைக் கோயில் திருப்பணிகளில் கொட்டினார்கள். பாண்டி நாட்டு, செட்டிநாட்டு ஸ்தபதிகளின் கை காய்ந்துபோகாமல் இருந்தது அதனால்தான். ஆக, மாமல்லபுரத்துக்கு மரபு காரைக்குடிப் பக்கத்திலிருந்து, அரசாணையின் வழியே, வண்டியேறி வந்தது. 1961-இல் வைத்தியநாத ஸ்தபதியின் மகன் வை. கணபதி ஸ்தபதி பொறுப்பேற்று இருபத்தைந்து ஆண்டுக்கும் மேலாக நடத்தினார். பூம்புகார் சிலப்பதிகாரக் கலைக்கூடம், 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம், 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட குமரிமுனையின் 133 அடி வள்ளுவர் சிலை எல்லாம் அவர் பெயரோடு சேர்ந்தவை. 2009-இல் பத்மபூஷண் பெற்ற அவர் 2011-இல் மறைந்தார். பயிற்சிப் பள்ளி பின்னர் கல்லூரியாகிப் பட்டமும் வழங்கத் தொடங்கியது.

இதில் அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. அரசு நிறுவனம் என்பதால் இங்கே சேருவதற்குக் குலம் தடையாக இல்லை. விசுவகர்மக் குடும்பங்களுக்குள் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போன, சிலைக்கு அளவு தரும் தாலக் கணக்கும் உருவத்தை விவரிக்கும் தியான சுலோகமும், அப்பன் பாட்டன் உளி பிடித்தறியாத பையன்களுக்கும் கிடைத்தன. படித்து முடித்தவர்கள் அதே ஊரில் கொட்டகை போட்டார்கள். அவர்களிடம் வேலை கற்றவர்கள் அடுத்த தெருவில் போட்டார்கள். உலகக் கைவினை மன்றம் 2015-இல் மாமல்லபுரத்தைக் கற்சிற்ப நகரமாக அறிவித்ததும், 2017-இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் இந்தக் கொட்டகைகளை வைத்துத்தான். புவிசார் குறியீட்டு விளம்பரத்தில் பல்லவர் பெயர்தான் பெரிதாக வருகிறது. அரசுப் பள்ளியின் பெயர் வருவதில்லை. நம்மூரில் அரசுப் பள்ளிக்கு வாய்க்கும் மரியாதை எப்போதும் அவ்வளவுதான்.

வேலை நடப்பதைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்ப்போம். முதலில் கல். செங்கல்பட்டு மாவட்டத்துப் பாறைகளில் பெரும்பகுதியை நாம் கருங்கல் என்று பொதுவாகச் சொல்கிறோம். புவியியலார் சார்னோக்கைட் என்கிறார்கள். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து கொண்டுபோன கல் இந்த வகை. அதை வைத்து 1893-இல் புவியியலார் தாமஸ் ஹாலந்து சூட்டிய பெயர் அது. அந்தக் கல்லின் தாய்வீடான பல்லாவரம் இன்று இதே மாவட்டத்தில் இருக்கிறது. சிற்பிகளுக்கு இந்தப் பெயரெல்லாம் வேண்டாம். சுத்தியால் தட்டிக் கேட்பார்கள். கணீரென்று மணியோசை வந்தால் ஆண் கல், மெல்லிய தாள ஓசை வந்தால் பெண் கல், ஓசை எழாமல் மொக்கையாக விழுந்தால் நபும்சகக் கல். முதலாவது தேவனுக்கு, இரண்டாவது தேவிக்கு, மூன்றாவது பீடத்துக்கும் படிக்கட்டுக்கும். சாத்திரம் இருக்கட்டும், இதற்குள் ஒரு நடைமுறை அறிவும் இருக்கிறது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடும் கல் ஒலிக்காது. ஆறு மாதம் செதுக்கிய பிறகு மூக்கோரம் பிளந்துகொள்வதற்குப் பதிலாக, முதல் நாளே காதால் அறிந்து ஒதுக்கிவிடலாம்.

அடுத்து அளவு. உத்தம தசதாலம் என்றால் உருவத்தின் உயரத்தை 124 பங்காக்குவது. ஒரு பங்கு ஓர் அங்குலம். இது கடையில் வாங்கும் அளவுகோலின் அங்குலம் இல்லை. அந்தந்தச் சிலைக்குள்ளேயே பிறக்கும் அங்குலம். இரண்டடிச் சிலைக்கும் இருபதடிச் சிலைக்கும் முகத்துக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனை என்ற கணக்கு மாறாது. காவியில் நனைத்த நூலைக் கல்லின்மேல் இழுத்துத் தெறிக்கவிட்டால் நடுச்சூத்திரம் விழும். அதற்கு இருபுறமும் அளவு பிரித்து, வேண்டாத கல்லைப் பெரிய உளியால் பெயர்த்து, பிறகு சின்ன உளிக்கு மாறி, கடைசியாகக் கண். எந்திரம் வராத காலத்தில் ஒரு நாளில் பலமுறை உளி முனை மழுங்கும். உலையில் காய்ச்சி, முனை அடித்து, நீரில் தோய்த்துத் தருவதற்குப் பக்கத்திலேயே கொல்லர் இருக்க வேண்டும். தோய்க்கும் பதம் ஒரு நொடி தவறினால் உளி ஒன்று நொறுங்கும், இல்லை மடங்கும்.

கொல்லரைப் பற்றிச் சொல்லக் காரணம் உண்டு. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நொண்டி வீரப்பன் தொட்டி என்ற பாறையில் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், திருவொற்றியூர் அபாஜர், கொல்லன் சேமகன். பல்லவர் வேலையில் இருந்தவர்களின் பெயர்கள் என்று கல்வெட்டு அறிஞர்கள் கருதுகிறார்கள். ரதங்களிலும் மண்டபங்களிலும் அரசனின் விருதுப் பெயர்கள் அடுக்கடுக்காக இருக்க, வேலை செய்தவர்கள் ஊருக்கு வெளியே ஒரு பாறையில் தங்களை எழுதிக்கொண்டார்கள். அந்தச் சிறு பட்டியலில் கொல்லனும் இருக்கிறான். உளி தீட்டியவனையும் சேர்த்துத்தான் வேலைக்காரர் கூட்டம் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். திருவொற்றியூரிலிருந்து ஆள் வந்திருக்கிறார் என்பதையும் கவனிக்கலாம். அன்றும் இந்த ஊருக்குத் திறமை வெளியிலிருந்து வந்திருக்கிறது.

பல்லவர் பாறைகளிலிருந்து இன்றைய சிற்பிக்கு நேரடியாகக் கிடைத்தது ஒன்று உண்டு. அவை பாதியில் நிற்பதுதான். வலையன்குட்டை ரதம், பிடாரி ரதங்கள் என எதைப் பார்த்தாலும் எங்கோ ஓரிடத்தில் வேலை நின்றிருக்கிறது. பாறை முகத்தில் சதுரம் சதுரமாகக் கோடு வெட்டி, கோடுகளை ஆழமாக்கி, நடுவில் மிஞ்சும் கட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்துக்கொண்டே மேலிருந்து கீழே இறங்கியிருக்கிறார்கள். சாரம் கட்டும் செலவு பெருமளவு மிச்சம். சிகரம் முழுதும் முடிந்து அடிப்பகுதி வெறும் பாறையாக நிற்பதைப் பார்த்தால் ஒரு முழுப் பாடநூல் கிடைத்தது போல. முடிந்த வேலை முறையை மறைத்துவிடும். முடியாத வேலைதான் காட்டிக்கொடுக்கும்.

மாமல்லபுரத்தைச் சுற்றியுள்ள செங்கல்பட்டுச் சீமையில் கைத்தொழில் எப்படிப் பிழைத்தது என்பதற்கு எழுத்திலேயே சான்று உண்டு. ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763-இல் இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனிக்காகத் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்கர்கள் எழுதிய தமிழ் ஓலைகளும் கிடைத்திருக்கின்றன. அவற்றில் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்கை சென்னையிலுள்ள கொள்கை ஆய்வு மையத்தினர் பதிப்பித்தார்கள். விளைச்சல் களத்துக்கு வந்ததும், அரசுப் பங்கு பிரிவதற்கு முன்பே, தச்சருக்கு, கொல்லருக்கு, குயவருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, கோயிலுக்கு, கூத்தாடுகிறவர்களுக்கு என்று அளந்து கொடுக்கும் நெல் ஓலையில் வரிசையாக வருகிறது. சாதி ஏற்றத்தாழ்வு அந்தப் பட்டியல் முழுக்க ஓடுவதை மறுக்க வேண்டியதில்லை. யாருக்கு எந்த இடம் என்பதையும் அதே ஓலைதான் தீர்மானித்தது. இருந்தாலும், கைவேலை தெரிந்தவனுக்கு ஊர் பொறுப்பேற்றுக்கொண்டது என்ற செய்தி அதில் இருக்கிறது. வரி வசூலைக் கம்பெனி கையில் எடுத்து, இந்தப் பங்குகளை வெட்டத் தொடங்கிய பிறகு அந்த ஏற்பாடு உதிர்ந்தது.

பொறுப்பேற்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினம் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே பண்டகசாலையும் பிறகு கோட்டையும் கட்டியது மெல்லிய பருத்தித் துணிக்காக. 1782 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் இதன் கடலில் மோதினார்கள். 1824-இன் ஆங்கிலேய–டச்சு உடன்படிக்கையை ஒட்டி ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. வாங்க வந்தவன் போனான், லங்காஷயர் ஆலைத்துணி வந்தது, நெய்தவர்கள் கலைந்தார்கள். இன்று அந்தக் கோட்டைக்குள் பார்க்கக் கிடைப்பது செங்கல் சுவர்களும் பூவேலை செய்த கல்லறைக் கற்களும். துணி ஒரு முழம் இல்லை. பக்கத்துத் திருக்கழுக்குன்றத்தில், ஒரே பாறையில் குடைந்த ஒருகல் மண்டபத்துத் தூண்களில் டச்சுக்காரர்கள் பெயர்களைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். நெய்தவர் பெயர் எங்கும் இல்லை.

இதற்கு நேர் எதிரான கதை வடநெம்மேலியில். இருளர்கள் காலங்காலமாகப் பாம்பும் எலியும் பிடித்தவர்கள். பாம்புத் தோல் வியாபாரிகளுக்காகப் பிடித்துப் பிழைத்த காலம் ஒன்று இருந்தது. 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அடுத்த சில ஆண்டுகளில் தோல் ஏற்றுமதியும் தடையானது. திறமையே குற்றமாகிவிட்டது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் போன்றோர் துணைநிற்க 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. வனத்துறை உரிமம் தரும். உறுப்பினர்கள் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து வருவார்கள். வாய்க்குத் துணி கட்டிய மண்பானையில் பாம்பை வைத்திருந்து, சில வாரங்களில் நான்கைந்து முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுவிடுவார்கள். செதில் வெட்டுப்பட்ட பாம்பு மறுபடி சிக்கினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துத் தயாரிப்புக்குப் பெரும்பங்கு விஷம் இங்கிருந்துதான் போகிறது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் சாகும் நாட்டில் இது சின்ன வேலை இல்லை. இந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

இங்கே ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஒரே இனப் பாம்பின் விஷமும் ஊருக்கு ஊர் மாறுபடுகிறது; வட தமிழ்நாட்டு விஷத்திலிருந்து செய்த மருந்து ராஜஸ்தானிலோ வங்காளத்திலோ அதே அளவு வேலை செய்வதில்லை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதற்குத் தீர்வு மற்ற வட்டாரங்களிலும் இப்படி ஒரு சங்கம். அது இன்னும் பரவலாக நடக்கவில்லை.

மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் கூடுவதும் இருளர்களே. செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கங்களிலிருந்து குடும்பத்தோடு வந்து, சேலைகளையே கூடாரமாகக் கட்டித் தங்கி, ஈர மணலில் படி அமைத்துக் கன்னியம்மனை வழிபட்டு, விடியலில் கல்யாணம் முடித்துக்கொண்டு போவார்கள். டிசம்பர், ஜனவரியில் சுற்றுலாத் துறை நடத்தும் நாட்டிய விழாவுக்குச் சுவரொட்டி உண்டு, மேடை உண்டு, விளக்கு உண்டு. மாசி மகத்துக்கு வருகிறவர்களுக்குக் குடிநீரும் கழிப்பறையும் போதுமான அளவில் கிடைத்தால் அதுவே பெரிய மரியாதை. பண்பாட்டு வாழ்வு என்று நாம் எதை எண்ணுகிறோம் என்பது இந்த இரண்டுக்கும் நடுவே தெரிகிறது.

மாவட்டத் தலைநகரான செங்கல்பட்டு நகரத்துக்கு மாமல்லபுரம் போலக் கண்ணைப் பறிக்கும் சின்னம் கிடையாது. கொளவாய் ஏரியும் விஜயநகரக் காலத்துக் கோட்டையின் எச்சமும் ரயில் சந்திப்பும்தான் வெளியூர்க்காரருக்குத் தெரிந்தவை. நகரத்தை ஒட்டிய வல்லத்தில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் அடியவரான ஒரு சிற்றரசரின் மகன் கந்தசேனன் குடைவித்த கோயில் மாமல்லன் காலத்துக்கும் முந்தியது. அங்கே நாள் முழுக்க நின்றாலும் பயணிகள் பேருந்து ஒன்றும் வராது. நகரத்தின் உண்மையான சாதனை திருமணியில் இருக்கிறது. 1925-ஐ ஒட்டி அங்கு உருவான லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தை 1955-இல் மத்திய அரசு ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கியது. 1947-இல் வேலூரிலிருந்து பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவர், தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்கத் திருமணிக்கு வந்தார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அந்தப் பிடியில் பிராண்டுக்கு வலித்தது. விரல் மடங்கினாலும் முன்கைத் தசைகள் நல்ல வலுவோடு இருக்கின்றன என்பது அந்த வலியில் புரிந்தது. நல்ல தசையின் நாணை இடம் மாற்றித் தைத்தால் கை மறுபடி திறக்கும். அடுத்த ஆண்டே வேலூரில் அந்த அறுவை சிகிச்சை தொடங்கியது. பிறகு உலகெங்கும் போனது. நகரத்தின் நுழைவாயிலில் இதற்கு ஒரு பலகைகூட வைக்கத் தோன்றாதது விந்தை.

பெரிய தொழில்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை, அவற்றைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். கல்பாக்கத்தில் 1984 முதல் அணுமின் உற்பத்தி, பரனூரில் மகிந்திரா உலக நகரம், மறைமலைநகரில் ஃபோர்டு. 1995-இல் இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் கதவடைப்பதாக அறிவித்தது, 2022-இல் உற்பத்தி நின்றது, 2024-இல் ஏற்றுமதிக்காக மீண்டும் வருவதாகக் கடிதம் கொடுத்தது. போனதும் வருவதும் ஃபோர்டின் தலைமையகம் இருக்கும் அமெரிக்காவின் டியர்பார்ன் நகரத்து முடிவு. அங்கே பயின்ற கைகளுக்கு இந்த ஊரில் கொட்டகை போட வழியில்லை. சிற்பிக்கும் கார்த் தொழிலாளிக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

2019 இந்த வட்டாரத்துக்குத் திருவிழா ஆண்டு. அக்டோபர் 11, 12-இல் மோடியும் ஷி ஜின்பிங்கும் அர்ச்சுனன் தபசுப் பாறைச் சிற்பத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்; நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2022-இல் 44-ஆவது செஸ் ஒலிம்பியாடு மாமல்லபுரத்தில் நடந்தது. 2021–22 கணக்கில் மாமல்லபுரச் சின்னங்களைப் பார்த்த வெளிநாட்டவர் 1,44,984 பேர், தாஜ்மகாலுக்கு 38,922 பேர் என்று மத்திய சுற்றுலாத் துறை சொன்னபோது நாம் துள்ளிக் குதித்தோம். பெருந்தொற்று முடக்கிய ஆண்டின் கணக்கு அது என்பதைக் குதித்தவர்கள் சொல்லவில்லை.

இந்த விழாக்களால் சிற்பக்கூடத்துக்கு என்ன கிடைத்தது என்பது வேறு கேள்வி. வரும் பயணி பையில் கொள்ளும் மாவுக்கல் பிள்ளையாரைத்தான் வாங்குகிறார். பெரிய வேலை, திருப்பணி நடக்கும் கோயில்களிலிருந்தும் மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, லண்டன், அமெரிக்கா எனத் தமிழர் கோயில் கட்டும் இடங்களிலிருந்தும் வருகிறது. சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்ற தொல்லியல் சட்டம் ஊர்க்காரர்களின் வீட்டு மாடியையும் கட்டுப்படுத்துகிறது. பாதுகாப்பு தேவைதான், இவ்வளவு சின்னங்கள் நெருங்கிய ஊரில் அதே விதியை அப்படியே விதித்தால், சின்னங்களால் பெயர் பெற்றவர்களே அவற்றைத் தொல்லையாக நினைக்கத் தொடங்குவார்கள்.

எல்லாவற்றையும்விட அவசரமானது தூசி. கையுளியில் கல் பெரும்பாலும் சில்லாகத் தெறிக்கும், தூசி குறைவு. கிரைண்டர் வந்த பிறகு மாதக் கணக்கில் நடந்த வேலை நாள்களில் முடிகிறது. கல் மாவாகப் பறந்து நேரே நுரையீரலுக்குப் போகிறது. சிலிக்கா நிறைந்த அந்த மாவு வருடக்கணக்கில் படிந்தால் சிலிக்கோசிஸ். வந்தால் மாற்ற மருந்தில்லை. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்வதைத்தான் பெரும்பாலான கொட்டகைகளில் பார்க்க முடிகிறது. நுண்தூசியைத் துண்டு தடுக்காது. வெட்டும் இடத்தில் தண்ணீர் சொட்டவிடும் ஏற்பாடும் தூசியை உறிஞ்சும் குழாயும் பெரிய செலவில்லை, ஆனால் ஒற்றை ஆளாகக் கொட்டகை நடத்துகிறவர் தனியே செய்துகொள்ளவும் மாட்டார். நாற்பது கிலோமீட்டருக்குள் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965-லிருந்து இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை சிற்பிகளுக்கு நெஞ்சு ஊடுகதிர்ப் படமும் மூச்சுத் திறன் சோதனையும் எடுத்துக் கணக்கு வைக்க அங்கே ஆளும் கருவியும் உண்டு. தொழிலைக் கற்றுக்கொடுக்க 1957-இல் அரசு ஒரு கூரை போட்டது. தொழில் செய்கிறவரின் மூச்சுக்கு இன்னும் ஒன்று போட வேண்டும். சிற்பக் கல்லூரிக்குள்ளேயே, முதலாண்டுப் பாடமாகவே அதைத் தொடங்கலாம்.